தொழிற்சாலைக்கு மட்டும் ஏன் விலக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஓர் ஆலையின் அலுவலக வாசலை எடுத்துக்கொள்வோம். மூன்று படிகள், 45 சென்டிமீட்டர் உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பதே சக்கர நாற்காலிக்கான சாய்தளக் கணக்கு. ஆகவே இந்த வாசலுக்கு 5.4 மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டரில் சிமென்ட்டைச் சரித்துப் பூசிவிட்டால் சரக்குத் தள்ளுவண்டியை ஏற்றிவிடலாம். சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 44ஆவது பிரிவில், அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்தாலும் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஓட்டை விதியில் இருந்தது. மத்திய அரசு 2017இல் வகுத்த 15ஆவது விதி, வழிகாட்டு நெறிமுறைகளைக் கைகாட்டியதோடு நின்றுவிட்டது. பரிந்துரையை மீறியவரை எப்படித் தண்டிப்பது? பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், அந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய அளவுகளை மூன்று மாதத்துக்குள் தனியே வகுக்கவும் உத்தரவிட்டது.

அளவுகள் கட்டாயமானாலும் நம் ஆலைகளில் அவற்றைச் சரிபார்க்கும் கட்டமே இல்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எல்லா வகைத் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு அளித்தன. வரைபடத்தில் சாய்தளம் இருக்கும். கட்டியதைச் சான்றுக்காக டேப் பிடித்து அளக்க யாரும் வர வேண்டியதில்லை. அபராதத்தை நம்பியும் பயனில்லை. 2016 சட்டப்படி முதல் மீறலுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். சான்றை நிறுத்தி வைக்கும் அதிகாரமே ஆலை அதிபரை அசைக்கும். அதைத்தான் நாம் கைவிட்டிருக்கிறோம்.

தொழில் தொடங்குவது தாமதமாகும் என்று சொல்வார்கள். சாய்தளத்தின் சரிவு, கதவின் அகலம், கழிவறையின் இடவசதி, கைப்பிடி ஆகியவற்றை அளக்க ஒரு பகல் போதும். வரைபட நிலையிலேயே சேர்த்தால் செலவும் சொற்பம். இடித்துக் கட்டும்போதுதான் கை கடிக்கும். கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் நிறைந்த வட்டாரம். விபத்தில் காலை இழந்த தொழிலாளி பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போகலாம். அலுவலகத்தில் ஒரு மேசையும் கணினியும் போதும், அவர் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். மூன்று படி அவரை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது.

மத்திய விதிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டட விதிகள் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. தமிழக அரசு இந்த விலக்கை நீக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், உரிமம் வழங்குமுன் இந்த அளவுகளையும் பார்க்க வேண்டும். மனை ஒதுக்கும் சிப்காட், இவற்றை ஒதுக்கீட்டு நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும்.