முதலில் மூடியைப் போட்டுப் படமெடுங்கள்

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் ஊர்களுள் ஒன்று நானாட்டான். வீட்டு விளக்குகளை விட்டு வயற்பக்கம் சற்று நடந்தால், பெருநகரத்தார் இழந்துவிட்ட வானம் அங்கே இன்னமும் இருக்கிறது. 2010 ஜனவரி 15ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் கடந்து சென்றதும் இந்த மன்னார் வானத்தின் வழியேதான்.

இத்தகைய ஊர்ப் பாடசாலை ஒன்றுக்கு வானியல் கமரா வாங்கி அனுப்ப எண்ணும் புலம்பெயர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கமராவோடு, அதைச் சோதிக்கும் முறையையும் அனுப்பிவையுங்கள்.

தயாரித்தவர்களே சோதித்திருப்பார்களே என்று கேட்கலாம். சோதித்திருப்பார்கள், நானாட்டான் வெக்கையில் அல்ல. ஒளியே படாதபோதும் உணரிக்குள் வெப்பத்தால் மின்னணுக்கள் சேரும். இதனை இருள் மின்னோட்டம் என்பர். வெப்பநிலை ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை உயருந்தோறும் அது இருமடங்காகும். பூச்சியம் பாகையில் அளந்த கமராவைக் குளிரூட்டாமல் 28 பாகை இரவில் வைத்தால், அந்த மின்னோட்டம் 16 மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். சூடேறிய படத்துகள் ஒன்றை மாணவன் புதிய விண்மீன் என்று எண்ணி மகிழ்வான். பிழை அவனுடையதன்று.

சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மூடியைப் போட்டு, வானத்தை எடுக்கும் அதே நேர அளவில் பல படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஒளிரும் புள்ளி விண்மீன் அல்ல. மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த இரு இருட்படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வாசிப்பு இரைச்சல் தெரியும். மாறாத விளக்கொளியில் வெள்ளைத்தாளை எடுத்து, நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரட்டிக்காத அளவில், அந்தக் கமரா சொல்லும் விண்மீன் ஒளியளவை நம்ப இயலாது.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் சி.சி.டி.யை உருவாக்கிய போயிலும் சிமித்தும் 2009இல் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய உணரிகளைக் கொண்டு மாறொளி விண்மீன்களை அளக்கும் ஆர்வலர்களின் தரவுகளை, 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் உலகெங்கிலுமிருந்து ஏற்றுக்கொள்கிறது. நானாட்டான் மாணவியின் அளவும் அங்கே இடம்பெறலாம். அழகிய படத்தைவிட அதுவே பெரிது என்பது என் கருத்து.

அதற்கு முதற்படி, மூடியைப் போட்டு எடுத்த அந்தக் கறுப்புப் படம்தான்.