மெஸ்ஸுக்கு வராத ஃப்ரெண்ட்

'ரெண்டு நாளா ஆளையே மெஸ்ல காணோமே?' என்று கேட்டால், 'வெளியில சாப்பிட்டுட்டேன்ப்பா' என்று பதில் வரும். ஆனால், வெயிங் மெஷின் மேல் தினம் மூணு தடவை ஏறி இறங்குவது நடக்கும். 'மேடம் டயட்ல இருக்காங்க' என்று ரூமே கலாய்க்கும். சிலருக்கு அது டயட் இல்லை ஃப்ரெண்ட்ஸ், வியாதி!

குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் பட்டினி கிடந்தே உடம்பை வற்ற வைப்பது அனொரெக்ஸியா. கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் வாந்தி எடுப்பது புலிமியா. இவர்களில் பலர் பார்ப்பதற்கு நார்மல் எடையில்தான் இருப்பார்கள். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இளவரசி டயானா, தனக்குப் பல வருஷம் புலிமியா இருந்ததை 1995-ல் டி.வி. பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். பொண்ணுங்க மேட்டர்னு ஒதுக்காதீங்க... பசங்களுக்கும் வரும்.

அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிருக்கே ஆபத்து. ஆனால், கேம்பஸ் ஹெல்த் சென்டரில் போய் 'தலை சுத்துது டாக்டர்' என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? 'ஒழுங்கா சாப்பிடும்மா' என்ற அட்வைஸும் சத்து மாத்திரையும்தான் கிடைக்கும். சொல்லாததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

டாக்டர்கள் கேட்பதற்காகவே 1999-ல் லண்டனில் ஐந்து கேள்விகள் தயாரித்தார்கள். 'ஸ்காஃப்' என்று பெயர். வயிறு முட்டிவிட்டதே என்று நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கன்ட்ரோல் போய்விட்டதாகக் கவலையா? மூணு மாசத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டு என்றே நம்புகிறீர்களா? சாப்பாட்டு நினைப்புதான் வாழ்க்கையையே ஆட்டிவைக்கிறதா? ரெண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். வியாதிதானா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான்.

முதலில் நாடித் துடிப்பு, பி.பி., ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. அப்புறம் கவுன்சலர், மனநல மருத்துவர், டயட்டீஷியன். நூறு பேருக்கு மேல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. உங்க காலேஜில் அது யார்? ஆபீஸில் கேட்டு வையுங்கள். யாரும் இல்லையென்றால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. நம்பர் 14416. காசு கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

ரூம்மேட்டாக நீங்க செய்ய வேண்டியது? தட்டை எட்டிப் பார்த்து போலீஸ் வேலை செய்யாதீங்க. 'தடிமாடு', 'ஒல்லிக்குச்சி' எல்லாம் வேண்டாம். 'ஸ்லிம்மாயிட்டியே, சூப்பர்!' என்ற பாராட்டும் வேண்டாம், அதுவே தூபம் போடும். விஷயத்தை ஹாஸ்டல் முழுக்கப் பரப்பாதீங்க. ஆனால் மயக்கம், நெஞ்சு படபடப்பு, ரத்த வாந்தி என்றால் ரகசியமெல்லாம் அப்புறம். ராத்திரி ரெண்டு மணியானாலும் வார்டனை எழுப்புங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

மற்ற நாட்களில், 'சாப்பிட்டியா, சாப்பிட்டியா?' என்று துளைப்பதைவிட, 'நாளைக்கு ஹெல்த் சென்டர் போலாம், நானும் கூட வரேன்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை 'எனக்கு ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். ஒரு வாரம் விட்டு, மறுபடியும் கேளுங்க.