செல்ஃபைக் கழற்றும் முன்

"செல்ஃப் எடுக்கவில்லை" என்று பட்டறைக்கு வரும் பழைய டிராக்டரில் முதலில் கழற்றப்படுவது செல்ஃப் மோட்டார்தான். பிரஷ் மாற்றி, ஆர்மேச்சருக்குக் கடைசல் பிடித்து, புஷ் அடித்து மாட்டினால் வண்டி கிளம்பிவிடுகிறது. பிறகு அதே புகாரோடு திரும்பியும் வருகிறது. வேலை சரியில்லை, பிரஷ் மட்டமான சரக்கு என்று அப்போது பேச்சு எழும். இரண்டும் காரணமாக இல்லாமல் போகலாம். மோட்டாரைக் கழற்றுகிறவர் பேட்டரி கேபிளையும் கழற்றுகிறார், கறுத்த லக்கைச் சுரண்டுகிறார், திரும்ப மாட்டும்போது நட்டை இறுக்குகிறார். எஞ்சினோடு ஒட்டி நிற்கும் மோட்டாரின் முகப்பும் கூடவே துடைபடுகிறது. வண்டியைக் கிளப்பியது அந்தச் சுரண்டலும் இறுக்கலும். பெயர் வாங்கியது புது பிரஷ். பழைய டிராக்டரில் செல்ஃப் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதை வடசென்னையிலிருந்து சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. புளியந்தோப்பிலிருந்து பெரம்பூரைத் தாண்டினால் செம்பியம். 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் அங்கே உருவாயின. பெர்கின்ஸ் வழிவந்த டீசல் எஞ்சின்களைச் செய்த சிம்ப்சன் ஆலை இருப்பதும் செம்பியத்தில்தான். இன்னும் மேற்கே, பாடியில், 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார்களைச் செய்தது. டிராக்டர், எஞ்சின், செல்ஃப் மூன்றையும் சில கிலோமீட்டருக்குள் செய்த ஊர் இது. அந்த மோட்டாரை அறிந்தவர்களுக்கு அதன் உறுதியும் தெரியும்: கனத்த இரும்புக் கூடு, ஃபீல்டு காயில், ஆர்மேச்சர், சில பிரஷ்கள், புஷ்கள். ஒரு நாளில் அது ஓடுவது சில விநாடிகள் மட்டுமே. கேபிளுக்கும் எர்த் பட்டைக்கும் அந்த ஓய்வு கிடையாது. அதிர்வும் ஆசிட் ஆவியும் சேறும் உரத்தூளும் நாள் முழுக்க அவற்றைத் தின்கின்றன. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் டிரெய்லரும் தண்ணீர் டேங்கரும் இழுக்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்று வேறு. லக்குக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே செம்பு பச்சை பூத்துப்போகும். வெளியே கேபிள் புதிதுபோலவே இருக்கும்.

கணக்கு எளியது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் 300 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அதாவது 900 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒற்றை நட்டில். ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.1, 0.2 ஓம் காட்டும். அந்த மீட்டரால் 0.01 ஓமைப் பார்க்கவே முடியாது. எனவே "கேபிளை மீட்டரில் பார்த்தேன், பீப் அடித்தது" என்பது சான்றாகாது. டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிவதும் அப்படித்தான். அரை ஆம்பியர் எடுக்கும் பல்புக்கு அறுந்த கேபிளில் மிஞ்சிய ஓர் இழையே போதும். கேபிளின் பருமனும் இந்தக் கணக்குக்குள் வரும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 50 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 300 ஆம்பியரில் இழப்பு சுமார் 0.16 வோல்ட், விலை குறைவென்று 16 சதுர மில்லிமீட்டரில் போட்டால் அரை வோல்ட். இழந்த வோல்ட் வேகத்தில் தெரியும், வேகம் குறைந்தால் டீசல் எஞ்சின் மன்னிக்காது. மெதுவாக அழுந்தும் காற்று ரிங் வழியே கசிகிறது, சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது, தெளித்த டீசல் பற்றுவதில்லை.

ஆகவே மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். ஸ்டாப் நாபை இழுத்து வைத்து, கியர் நியூட்ரலில் இருக்க, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தின் ஈயத்தின்மேல் இருக்க வேண்டும், கிளாம்ப்பின்மேல் அல்ல. மறுமுனை மோட்டாரின் பெரிய போல்ட்டில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருட்டு அந்த வழியில். பிறகு நெகட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டாரின் கூட்டுக்கு: 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான். கிளட்ச் வேலைக்காக டிராக்டரை இரண்டாகப் பிரித்து, சேர்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிய வண்டிகளில் எர்த் பட்டை பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, பேட்டரியின் இரு கம்பங்களுக்கிடையே: சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் வேறொரு நல்ல பேட்டரியைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். நல்ல பேட்டரியும் படுத்தால் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது, அல்லது எஞ்சினே இறுகியிருக்கிறது. பேட்டரி 11 வோல்ட்டில் நிமிர்ந்து நின்று, கேபிள்களிலும் இழப்பின்றி, மோட்டார் மட்டும் சோர்ந்து சுற்றினால் குற்றவாளி மோட்டார்தான். அப்போது தாராளமாகக் கழற்றலாம்.

அனுபவக் காதுக்கு மீட்டர் எதற்கு என்று மூத்த மெக்கானிக்குகள் கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் காது பெரிய சொத்து, ஐயமில்லை. ஆனால் 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து அடிக்கும் சத்தத்தைக் கேட்டதும் சாலினாய்டு போயிற்று என்று முடிவுகட்டுவது நம் தொழிலில் வேரூன்றிவிட்டது. பெரும்பாலும் அது சாலினாய்டு வேலை செய்வதன் சத்தம். பெரிய காண்டாக்ட் சேர்ந்ததும் வோல்டேஜ் சரிகிறது, பிடித்துவைக்கும் காயில் விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. பேட்டரியிலோ இணைப்பிலோதான் கோளாறு. அந்தக் காயில் அறுந்தாலும் இதே சத்தம்தானே என்பீர்கள். உண்மை, அங்கேதான் காது நின்றுவிடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல, சத்தம் வரும்போது சாலினாய்டுக்கு வந்து சேரும் வோல்டேஜைத்தான் பார்க்க வேண்டும்.

நடவு நேரத்தில் விவசாயி அவசரப்படுவார், தேடியதற்குக் கூலி தர மாட்டார், மாற்றிய பொருளுக்குத்தான் தருவார் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மூன்று அளவுக்கும் பத்து நிமிடம் போதும். மோட்டாரைக் கழற்றி ஊருக்கு அனுப்பி வாங்க அரை நாள் போகும். கூலிக்கு வழி, அந்த மூன்று எண்களையும் ரசீதில் எழுதிக் கொடுப்பது. எர்த் பட்டையில் வேலைக்கு முன் 1.8 வோல்ட், பின் 0.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். எண் இல்லாத ரசீதுக்குத்தான் பேரம் நடக்கிறது.

சில வேளை மோட்டாரும் கேபிளும் சுத்தமாக இருந்தும் வண்டி கிளம்பாது. ஃபெர்குசன் 35-இல் முதலில் பொருத்திய ஸ்டாண்டர்டு 23சி டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப மறுப்பதற்கே பெயர்போனது. 1959-இல் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் அதன் இடத்துக்கு வந்தது. அதுபோலவே, தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினுக்கு எத்தனை செல்ஃப் மாற்றினாலும் பயனில்லை.

ஸ்பேனரை வைத்து சாலினாய்டை ஷார்ட் செய்து கிளப்புவதையும் சோதனை என்றே பலர் நினைக்கிறார்கள். அதனால் உயிர் போயிருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால் தரையில் நிற்பவர் ஷார்ட் செய்கிறார். கியரில் இருக்கும் வண்டி கிளம்பி அவர்மேலேயே ஏறுகிறது. 1946-இல் வந்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் கியர் லீவரையே 'எஸ்' நிலைக்குத் தள்ளினால்தான் செல்ஃப் அடிக்கும்; கியரில் போட்டுக் கிளப்பவே முடியாது. பின்வந்த மாடல்களில் அந்த வேலையை நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் செய்கிறது. அது கெட்டால் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி வண்டியை ஒப்படைப்பது பல பட்டறைகளில் வழக்கம். உரிமையாளரே கேட்டாலும் அதைச் செய்யாதீர்கள். சுவிட்ச் கிடைக்கும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும்.