சூப்பர் கம்ப்யூட்டரிலும் ‘துண்டு போட்டு’ இடம் பிடிக்கிறார்களா?

தி.நகர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் இன்னும் ஏறியிருக்க மாட்டார், ஆனால் சீட் அவருடையது. பல ஆராய்ச்சியாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் கிளஸ்டர்களிலும் உலகம் முழுக்க இதே தலைவலிதான்.

கிளஸ்டர் என்றால்?

நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை அதிவேக நெட்வொர்க்கில் இணைத்து, ஒரே இயந்திரம்போல இயக்குவது. அடையாறு, தரமணி பக்கம் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஜெர்மனி உதவியுடன் ஐபிஎம் 370/155 வந்தது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ‘கப்ரு’ கிளஸ்டர், 144 கம்ப்யூட்டர்களோடு 2004-ல் உலகின் டாப் 500 பட்டியலில் இடம்பிடித்தது.

துளை அட்டை காலத்தில் க்யூ கண்ணெதிரே நிற்கும். அட்டையில் ஒரு தப்பு என்றால் திரும்பவும் வரிசைதான். அதனால் யோசித்துக் கொடுத்தார்கள். இன்று க்யூ திரைக்குப் பின்னால் போய்விட்டது. நாம் பிடித்துவைத்திருப்பதால் யார் காத்திருக்கிறார் என்பதே தெரிவதில்லை.

எங்கே வீணாகிறது?

ஒரே கோரில் ஓடும் பைதான் புரோகிராமுக்கு 40 கோர் கேட்பது. வேலை முடிந்தும் நோட்புக்கை மூடாமல் ஜிபியுவைப் பிடித்துவைப்பது. கோர் ஒன்றுதான், ஆனால் மெமரி மொத்தமும் வேண்டும் என்று கேட்பது; அந்தக் கம்ப்யூட்டரின் மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நேரம். யாருக்கு எப்போது இடம் என்று முடிவு செய்வது ஷெட்யூலர் என்ற மென்பொருள். ஒரு பெரிய வேலைக்குப் பத்து கம்ப்யூட்டர் வேண்டும். இப்போது ஆறு காலி, மீதி நாலு மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் இரண்டு மணி நேர வேலை ஒன்றை ஷெட்யூலர் உள்ளே நுழைத்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேர வேலைக்கு ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 72 மணி நேரம் கேட்டிருந்தால்? இடைவெளியில் நுழைய முடியாது. அவரும் காத்திருப்பார், ஆறு கம்ப்யூட்டர்களும் சும்மா நிற்கும்.

இதைப் பேராசை என்று சொல்வது நியாயமில்லை. கேட்ட நேரம் தீர்ந்தால் வேலை பாதியில் வெட்டப்படும். தீசிஸ் கெடு நெருங்கும்போது யார்தான் ரிஸ்க் எடுப்பார்கள்? கணக்கை அவ்வப்போது சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் ‘செக்பாயின்ட்’ வசதி இருந்தால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

காசு வாங்கினால் சரியாகிவிடுமா?

ஓரளவுதான். மத்திய அரசின் 10,372 கோடி ரூபாய் இந்தியாஏஐ திட்டத்தில் ஜிபியு வாடகை, மானியம் போக மணிக்குச் சுமார் 65 ரூபாய். வெள்ளி இரவு ஏழு மணிக்கு மூட மறந்து, திங்கள் காலை ஒன்பதுக்கு வந்தால் 62 மணி நேரம். ஒரு ஜிபியுவுக்கு 4,030 ரூபாய். சொந்தக் காசு என்றால் வலிக்கும். புராஜெக்ட் நிதியிலிருந்து போனால் அவ்வளவாக வலிக்காது. கட்டணத்தை ஏற்றினாலோ, நிதி குறைவாக உள்ள மாணவர்தான் முதலில் வெளியேறுவார்.

அதைவிட நன்றாக வேலை செய்வது முன்னுரிமை. ‘ஃபேர் ஷேர்’ முறையில், சமீபத்தில் அதிகம் பிடித்துவைத்தவர் க்யூவில் பின்னால் போவார். இங்கே கவனிக்க வேண்டியது, உண்மையில் பயன்படுத்திய அளவைவிடக் கேட்டு வாங்கிய அளவுதான் கணக்கில் சேர வேண்டும். இல்லையென்றால் துண்டு போட்டவருக்குத்தான் லாபம்.

இன்னொரு வழி, தானாக அமையும் ஆரம்ப அளவை மாற்றுவது. எடின்பரோவில் உள்ள பிரிட்டனின் ‘ஆர்ச்சர்2’ இயந்திரத்தில், 2022 டிசம்பரில் பிராசஸர் வேகத்தின் ஆரம்ப அளவையே குறைத்தார்கள். வேகம் தேவைப்பட்டவர்கள் கூட்டிக்கொள்ள அனுமதி இருந்தது. அதே ஆண்டு செய்த இன்னொரு அமைப்பு மாற்றத்தையும் சேர்த்து, மின் தேவை சுமார் 20 சதவீதம் இறங்கியது.

யார் வீணாக்கினார் என்று பட்டியல் போட்டு ஒட்டுவதும் சில இடங்களில் பேசப்படும் யோசனை. புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் பெயர்தான் அதில் முதலில் வரும். வேலை முடிந்ததும், ‘40 கோர் கேட்டீர்கள், ஒன்றுதான் ஓடியது’ என்று அவர்களுக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்பினால் போதும். ஸ்லர்ம் ஷெட்யூலர் உள்ள பல கிளஸ்டர்களில் இந்த விவரத்தை ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம்.