தலைநகரில் ஜப்பான் சாப்பாடு: ஹலாலும் கைக்காசும்



இம்மாதம் அச்சுவேலியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பத்து வயதுச் சிறுமி. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, போர் முடிந்தபின் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். கணவருக்கு அச்சுவேலிச் சந்தையடியில் சிறியதொரு துணிக்கடை. மூத்த மகன் ஜப்பானிய மொழி படித்துத் தேறிவிட்டான். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு டோக்கியோ போகிறான். அலுவல்களை முடிக்கக் குடும்பமாகக் கொழும்பு போகிறார்கள். "அங்கே போய்த் தனியாகப் பழகுவதைவிட, உங்களோடு உட்கார்ந்து ஒருதரம் ஜப்பான் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கிறேன் உம்மா" என்கிறானாம் பிள்ளை.

உம்மாவுக்கு மூன்று கவலைகள். அந்தச் சாப்பாடு நமக்கு ஆகுமா? எங்கள் கைக்குக் கட்டுப்படியாகுமா? மூன்றாவதை அவர் எழுதியவிதம் என் மனதைத் தொட்டது. "முகாமில் தட்டில் விழுந்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். பெரிய கடையில் இருந்துகொண்டு, இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள், என்ன விலை என்று கேட்க நாக்கு எழாது" என்கிறார்.

கடைசிக் கவலையிலிருந்தே தொடங்குவோம்.

கேட்பதில் வெட்கம் இல்லை

ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தேகமானவற்றை விட்டு விலகுகிறவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். சந்தேகத்தைத் தீர்க்க வழி கேட்பதுதான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் கேட்கிறார், விற்கிறவர் பதில் சொல்கிறார். இதில் தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களும் மரக்கறி மட்டும் உண்பவர்களும் தினமும் கேட்கும் கேள்விதான் இது. நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால், அந்தக் கடை நமக்கு வேண்டாம்.

சகோதரியே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் மகன் நாளை பாஷை புதிதான ஊரில் தனியாக நின்று இதே கேள்வியைக் கேட்க வேண்டியவன். உம்மா வாய் திறந்து கேட்பதை அவன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நமக்குத் தூரமான சாப்பாடா?

ஜப்பான் சாப்பாடு என்றதும் பச்சை மீன் என்று பயப்படுகிறோம். அடிப்படையில் அதுவும் நம்மைப்போல் சோறும் மீனும்தான். மாசிச் சம்பல் இடிக்கிறோமே, அந்த மாசிக்கு ஜப்பானில் ஓர் உடன்பிறப்பு உண்டு. சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோலக் காயவைத்து, சீவிப் பயன்படுத்துகிறார்கள். பெயர் கட்சுஒபுஷி. அதையும் ஒருவகைக் கடற்பாசியையும் சேர்த்து எடுக்கும் சாறுதான் அவர்களின் பெரும்பாலான சூப்புகளுக்கு அடிப்படை. டெம்புரா என்பது மாவில் தோய்த்துப் பொரித்த இறாலும் மரக்கறியும். நம் பஜ்ஜியின் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுபோன பழக்கம் அது என்கிறார்கள்.

சுஷி என்பது பச்சை மீன் என்று பலர் நினைப்பது தவறு. வினாகிரி கலந்த சோற்றுக்குத்தான் அந்தப் பெயர். அதன்மேல் பச்சை மீனும் வைக்கலாம், அவித்த இறால், முட்டை, வெள்ளரிக்காய் எதுவும் வைக்கலாம். அதைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானியருக்கும் வழக்கமே. குச்சி பிடிக்கத் தெரியாதே என்று கூச வேண்டியதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் எடுத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் வயது முதிர்ந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்த்துவிடட்டும்.

எங்கே கவனம் வேண்டும்?

கடல் உணவு நமக்கு ஆகுமானது என்பது குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தில் வந்திருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதால் இறால், கணவாய் பற்றிக் கவலை இல்லை. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் வீட்டினர் மீனோடு நிறுத்திக்கொள்வார்கள். எனவே மீனில் அல்ல, மீனோடு சேர்கிறவற்றில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, மிரின். இனிப்பான சமையல் மது அது. நூற்றுக்கு ஏறக்குறைய 14 பங்கு மதுசாரம் உண்டு. வாட்டிய மீனின் மினுமினுப்பும் தெரியாக்கி என்ற இனிப்புக் குழம்பும் பெரும்பாலும் இதனால் வருபவை. சில கடைகளில் சுஷிச் சோற்றிலும் சேர்ப்பார்கள்.

இரண்டாவது, சாக்கே என்ற அரிசி மது. மீன் வாடை போகச் சமையலில் ஊற்றுவார்கள். இங்கே ஒரு வேடிக்கை. சமன் மீனுக்கும் ஜப்பானிய மொழியில் சாக்கே என்றுதான் பெயர். சோற்று உருண்டைக்குள் சாக்கே என்று எழுதியிருந்தால் அது மீன். குழம்பில் சாக்கே என்றால் மது. எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பன்றி. ராமென் என்ற நூடில்ஸ் சூப்பில் டொன்கொட்சு என்று இருந்தால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சிய சாறு என்று பொருள். மேலே முட்டையும் மரக்கறியும் மட்டுமே தெரிந்தாலும் சாறு அதுதான். கியோசா என்ற கொழுக்கட்டையிலும் பெரும்பாலும் அதுவே உள்ளே இருக்கும். டெம்புராவைப் பன்றி இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

நான்காவது, கோழியும் மாட்டிறைச்சியும். முறைப்படி அறுத்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஷோயு என்ற சோயா சோஸ் பற்றியும் சகோதரி கேட்டிருக்கிறார். புளிக்கவைக்கும்போது அதில் தானாகவே சிறிது மதுசாரம் உண்டாகிறது. சிலவற்றில் கெடாமலிருக்க வெளியிலிருந்தும் சேர்க்கிறார்கள். தானாக உண்டாவது பற்றி உலமாக்களிடையே விளக்கங்கள் உள்ளன. உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டு அதன்படி நடப்பதே நல்லது. ஹலால் சான்றிதழ் பெற்ற ஷோயு இன்று ஜப்பானிலேயே விற்பனையாகிறது.

சுவரில் எதைப் பார்ப்பது?

நம் நாட்டில் 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்கியது. அவ்வாண்டு எழுந்த எதிர்ப்புகளுக்குப் பின் அப்பணியிலிருந்து அது விலகிக்கொள்ள, 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை என்ற தனி நிறுவனம் அதைச் செய்துவருகிறது. கடையில் சான்றிதழ் மாட்டியிருந்தால் மூன்றைப் பாருங்கள்: கடையின் பெயர் அதில் இருக்கிறதா, இந்தக் கிளைக்குரியதா, திகதி கடந்துவிட்டதா. "பன்றி இறைச்சி இல்லை" என்று எழுதியிருப்பது ஹலால் சான்றிதழ் ஆகாது. மிரினும் சாக்கேயும் அந்த அறிவிப்பில் அடங்கமாட்டா. முதலாளி முஸ்லிம் என்பது மட்டும் போதாது. சமையல்காரர் எதை ஊற்றுகிறார் என்பதே கேள்வி.

கொழும்பில் கைக்காசு

அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் போய் இரவு பஸ் ஏறினால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து விடியக் கொழும்பு. களைப்போடும் பசியோடும் முதலில் தென்படும் கடைக்குள் நுழைந்துவிடாதீர்கள். பசி தணியக் காலைச் சாப்பாட்டை வழக்கமான முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் முடித்துக்கொள்ளுங்கள். ஜப்பான் சாப்பாட்டைப் பகலுக்கு வையுங்கள்.

கொழும்புக்கு ஜப்பான் சாப்பாடு புதிதல்ல. தர்ஷன் முனிதாச காலிமுகத்திடல் பக்கம் நிஹொன்பாஷி உணவகத்தைத் தொடங்கியது 1995இல். அவருடைய தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். அதுபோன்ற பெயர்பெற்ற கடைகள் வசதியானவர்களுக்கு உரியவை. நமக்குத் தேவை சிறிய கடைகளும், வணிக வளாகங்களில் பல கடைகள் ஒரே கூடத்தில் இருக்கும் உணவுக்கூடங்களும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் தேடுங்கள். முதல்நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, மேலே சொன்ன நான்கையும் மகனைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சரியில்லாத கடைகள் அங்கேயே கழிந்துவிடும், முச்சக்கர வண்டிக் காசும் மிச்சம்.

விலைப்பட்டியலில் உள்ள விலை இறுதி விலை அல்ல. பெரிய கடைகளில் நூற்றுக்கு 10 சேவைக் கட்டணம் சேரும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. ஆயிரம் ரூபாய் என்று பட்டியலில் கண்டால், கையில் 1,300 ரூபாய் இருக்கட்டும். வரி விலைக்குள் அடங்கியிருக்கிறதா என்று உட்காருமுன் கேளுங்கள்.

இராச் சாப்பாட்டைவிடப் பகலில் விற்கும் தொகுப்புச் சாப்பாடு மலிவு. சோறு, சூப், மீன், ஊறுகாய் எல்லாம் ஒரே தட்டில் வரும். ஐந்து பேருக்கு ஐந்து தட்டு வேண்டாம். இரண்டு தொகுப்பும் ஒரு மரக்கறி டெம்புராவும் எடுத்துப் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் ருசி தெரியும். சுஷியைத் துண்டு துண்டாகக் கேட்டால் கணக்கு ஏறும். பச்சை நிறத்தில் சிறு உருண்டையாக வைத்திருப்பது வசாபி, நம் கடுகைப்போல் மூக்கில் ஏறும். சம்பல் என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள்!

பட்டியலில் நமக்கு ஆகுமானது இரண்டே வகைதான் என்றால் அந்த இரண்டோடு எழுந்துவிடுங்கள். ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லையென்றால் தேநீரோடு எழுந்துவிடுங்கள். நட்டம் ஒன்றுமில்லை. எப்படி எழுந்து வருவது என்பதும் பிள்ளை கற்க வேண்டிய பாடம்.

டோக்கியோவில் பிள்ளை

ஜப்பானில் கைக்காசுக்கு ஏற்ற சாப்பாடு தாராளம். தட்டுகள் நகரும் பட்டையில் சுற்றிவரும் சுஷிக் கடை 1958இல் ஒசாக்கா பக்கம் தோன்றியது. எடுத்த தட்டை எண்ணிக் காசு கொடுக்கலாம் என்பதால் செலவு நம் கையில். கடையில் தண்ணீரோ தேநீரோ பெரும்பாலும் இலவசம். சந்தோஷம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கடையில் இருந்து சாப்பிட்டால் நுகர்வு வரி நூற்றுக்கு 10, கட்டிக்கொண்டு போனால் 8 என்பது 2019 ஒக்டோபர் முதல் உள்ள ஏற்பாடு. பெரிய கடைகளில் இரவு மூடும் நேரத்துக்குச் சற்று முன் சாப்பாட்டுப் பொதிகளின் விலையைக் குறைத்து ஒட்டுவார்கள்.

ஆனால் மலிவு என்பதற்காக எல்லாம் ஆகாது. யோயோகி உஎஹாரா என்ற இடத்தில் டோக்கியோ ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. 1938இல் கட்டப்பட்டது, பழையது இடிக்கப்பட்டு இன்றைய கட்டடம் 2000இல் திறக்கப்பட்டது. பிள்ளை போனதும் முதல் ஜும்ஆவை அங்கே தொழுது நாலு பேரை அறிந்துகொள்ளட்டும். எந்தக் கடை நல்லது என்பதைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். ஷின் ஒகுபோ நிலையத்தருகே ஹலால் இறைச்சியும் நம் நாட்டுச் சரக்குத் தூளும் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. அந்த இடத்தை ஜப்பானியரே "இஸ்லாம் ஒழுங்கை" என்ற பொருளில் அழைக்கிறார்கள். ஹலால் ராமென் கடைகளும் டோக்கியோவில் இன்று உண்டு.

அவன் மனனம் செய்ய வேண்டிய சொற்கள் மூன்று. "புட்டா" என்றால் பன்றி. "ஒசாக்கே" என்றால் மது. பொதிகளின் மேல் "ஷுசேய்" என்ற எழுத்து இருந்தால் மதுசாரம் சேர்த்தது. இவற்றின் ஜப்பானிய எழுத்தை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

உம்மாமாருக்கு ஓர் எச்சரிக்கை: பாசத்தில் இறைச்சி வற்றலைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிடாதீர்கள். இறைச்சிப் பொருட்களை ஜப்பான் விமான நிலையத்தில் அனுமதிப்பதில்லை, தண்டனையும் உண்டு. அதற்குப் பதில், போகுமுன் அவனுக்குச் சோறு வடிக்கவும் மீன் குழம்பு வைக்கவும் கற்றுக்கொடுங்கள். மகளுக்கு மட்டும்தான் அடுப்படி என்று நாம் வளர்த்துவிட்டோம். பிறநாட்டில் ஹலாலைக் காப்பாற்றும் மிக மலிவான கடை அவனுடைய சொந்த அடுப்புத்தான்.

ஹலாலான உழைப்பையும் ஹலாலான உணவையும் நம் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் வல்ல அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.