முன்பணம் வாங்கினா தறியை விட்டுப் போகவே முடியாதா? சட்டம் சொல்வது என்ன?

காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது பழைய வழக்கம். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் முடங்கியதை, 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்தது.

ஆனால், கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ 1976-லேயே வந்துவிட்டது.

'கடனை அடைச்சுட்டுப் போ' என்று சொல்லி வேறு வேலைக்குப் போக விடாமல் தடுத்தால், அது கொத்தடிமை முறை. அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தடுத்தவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

அதாவது, சட்டம் வந்து 27 ஆண்டுகள் கழித்தும், சட்டப்படி செல்லாத கடனுக்காகப் பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். உரிமை இருக்குன்னு தெரிஞ்சாதானே கேட்க முடியும்?

எங்கே புகார் செய்யலாம்? கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். குழந்தைகள் என்றால் 1098-க்குப் போன் செய்யலாம்.