கைப்பேசியைவிட கேன்தான் கவலை: எண்ணெய் நிலையத்தில் நாம் கவனிக்கத் தவறுவது

2025 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் எண்ணெய் நிலையத்தில் மலேசியர்களின் பழக்கம் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் முகப்பில் காசை நீட்டி, “நாலாம் நம்பர், இருபது வெள்ளி” என்றால் வேலை முடிந்தது. இப்போது முதலில் அடையாள அட்டையை எடுக்க வேண்டும். பூடி95 திட்டத்தின் கீழ் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென். தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என்று வரம்பு வைக்கப்பட்டது. தகுதி இல்லாதவருக்கு அதே பெட்ரோல் அப்போது 2 ரிங்கிட் 60 சென்னாக இருந்தது. செப்டம்பர் 27இல் காவல் துறையினருக்கும் இராணுவத்தினருக்கும், மறுநாள் எஸ்.டி.ஆர். உதவி பெறுவோருக்கும், 30ஆம் தேதி மற்ற அனைவருக்கும் என்று படிப்படியாக இது நடப்புக்கு வந்தது.

விலையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பம்புக்குப் பக்கத்தில் என்ன மாறியது என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. மீதம் எத்தனை லிட்டர் என்று கைப்பேசியில் பார்க்கிறார்கள். செயலியைத் திறந்து பணம் கட்டுகிறார்கள். அட்டையைச் செருகிவிட்டு வரிசையில் நிற்பவர் வாட்ஸ்அப் பார்க்கிறார். அவருடைய தலைக்கு மேலேயே கைப்பேசிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட எச்சரிக்கைப் பலகையும் தொங்குகிறது. சிரம்பான், நீலாய், பகாவ், தம்பின் என்று எந்த ஊர் நிலையத்துக்குப் போனாலும் இதே காட்சிதான்.

இந்தக் கைப்பேசி விவகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். கைப்பேசி அடித்ததால் பெட்ரோல் பம்ப் பற்றிக்கொண்டது என்று பல ஆண்டுகளாகக் காணொளிகள் சுற்றி வருகின்றன. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையக் கருவிகளைத் தயாரிப்போரின் கழகம், எண்ணெய் ஊற்றும்போது ஏற்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தீச்சம்பவங்களைத் திரட்டிப் பார்த்தது. கைப்பேசியால் மூண்ட தீ என்று உறுதியாகச் சொல்ல அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குற்றவாளியாக நின்றது நிலைமின்சாரம். பம்பைத் தானாக ஓடவிட்டுவிட்டு, ஓட்டுநர் காருக்குள் போய் உட்காருகிறார். இருக்கைத் துணியில் உடை உரசி உடம்பில் மின்னூட்டம் ஏறுகிறது. திரும்பி வந்து குழாய் முனையைத் தொடும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி பறக்கிறது. அங்கே ஆவி சூழ்ந்திருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சம்பவங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டின் வறண்ட காற்றில் நடந்தவை. நெகிரி செம்பிலானின் ஈரக் காற்றில் மின்னூட்டம் அவ்வளவு எளிதில் உடம்பில் தங்காது. ஆனால் குளிர்சாதனம் ஓடிய காருக்குள் காற்று வெளியே இருப்பதைப் போல ஈரமாக இருப்பதில்லை. ஆகவே செய்ய வேண்டியது எளிது. எண்ணெய் பாயும்போது காருக்குள் திரும்பிப் போகாதீர்கள். போக வேண்டி வந்தால், குழாயைத் தொடுமுன் தள்ளி நின்று காரின் இரும்புப் பாகம் எதையாவது ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

அப்படியானால் கைப்பேசித் தடை வீணா? பலகையில் சொல்லப்படும் காரணம் பலவீனமானது என்பது உண்மை. ஆனால் பேசிக்கொண்டே ஊற்றுகிறவரின் கவனம் பம்பில் இருப்பதில்லை. டீசல் குழாயைப் பெட்ரோல் காரில் செருகுவதும், தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்காமல் நிற்பதும் இப்படித்தான் நடக்கின்றன. செயலி வழி பணம் கட்டுவோர் காருக்குள் இருந்தபடியே வேலையை முடித்து, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு இறங்குவதே சரியான வழி. ஒரு கையால் ‘கைப்பேசி கூடாது’ என்று பலகை மாட்டிவிட்டு, மறு கையால் ‘செயலியைப் பயன்படுத்துங்கள்’ என்று விளம்பரம் ஒட்டும் எண்ணெய் நிறுவனங்கள், இந்த ஒரு வரியையும் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். குழப்பம் அவர்கள் உண்டாக்கியது.

உண்மையில் பற்றிக்கொள்வது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவு ஆவியை வெளியிடும். நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கால்வாயிலும் பள்ளத்திலும் தங்கும். பத்தடி தள்ளி நின்று சிகரெட் பற்ற வைப்பவர் ‘தூரத்தில்தானே நிற்கிறேன்’ என்று நினைப்பது இதனால்தான் தவறு. புகைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. எண்ணெய் நிலையம் புகைபிடிக்கத் தடை செய்யப்பட்ட இடம். மின்சிகரெட்டுக்கும் அதே தடைதான்.

தோட்டப்புறங்களில் காரைவிட மோட்டார் சைக்கிள்தான் அதிகம். ஈ.எக்ஸ்.5 போன்ற வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி இருக்கைக்கு அடியில் இருப்பதால், ஓட்டுபவர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் முன்னால் நிற்கும் பிள்ளையை இறக்காமல், வண்டியைக் காலால் தாங்கிக்கொண்டு, இருக்கையை மட்டும் தூக்கி ஊற்றுகிறவர்களைப் பகாவ், ரொம்பின் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். சூடான இயந்திரத்துக்கும் புகைபோக்கிக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத வண்டி அது. அரை வெள்ளி எண்ணெய் வழிந்தாலும் நேரே சூட்டின் மேல்தான் விழும். இயந்திரத்தை நிறுத்தி, எல்லாரும் இறங்கி, பிள்ளையைத் தள்ளி நிறுத்திவிட்டு ஊற்ற எடுக்கும் நேரம் அரை நிமிடம்.

காரில் வேறு சிக்கல். பின் இருக்கையில் குழந்தை தூங்குகிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது. குளிர்சாதனம் நின்றுவிடக் கூடாது என்று இயந்திரத்தை ஓடவிட்டு முகப்புக்குப் பணம் கட்டப் போகிறார் அப்பா. ஓடும் இயந்திரம் தீ அபாயம் என்பது ஒரு பக்கம். சாவியோடு நிற்கும் கார் திருடனுக்கு அழைப்பு என்பது இன்னொரு பக்கம். குழந்தை உள்ளே இருப்பது தெரியாமல் காரை ஓட்டிச் சென்ற சம்பவங்கள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. அதற்காகக் கண்ணாடியை ஏற்றி, பூட்டி, குழந்தையை உள்ளே விட்டுவிட்டுப் போனால் சில நிமிடத்திலேயே கார் அடுப்பாகிவிடும். மூன்றுமே ஆகாது. பம்பிலேயே அட்டை செருகும் இயந்திரம் இருந்தால் முகப்புக்குப் போகத் தேவையில்லை. இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள், தூக்கம் கலைந்தால் கலையட்டும்.

குழாய் ‘டக்’ என்று தானாக நின்ற பிறகும் கணக்கைச் சரியாக்க மேலும் இரண்டு மூன்று தடவை அழுத்துவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். குழாய் முனையில் ஒரு சிறு துளை இருக்கிறது. எண்ணெய் மட்டம் அதைத் தொட்டதும் காற்றோட்டம் தடைபட்டு விசை விழுகிறது. தொட்டியில் மேலே விடப்படும் இடம் எண்ணெய் விரிவடைவதற்கானது. அதற்கு மேலும் திணித்தால் வெளியே வழியும், அல்லது ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுக்கும். பழுது பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் முழு எண்ணுக்காகச் சேர்த்து ஊற்றிய முப்பது சென் ஒன்றுமில்லை.

ஒருவேளை தீ மூண்டுவிட்டால்? பதற்றத்தில் குழாயை வெளியே இழுப்பதுதான் மனிதர் செய்யும் முதல் காரியம். அதைச் செய்யவே கூடாது. இழுத்தால் எரியும் எண்ணெய் தரையிலும் உடம்பிலும் சிதறும். குழாயை அப்படியே விட்டு விலகி, காரில் உள்ளவர்களை இறக்கி, முகப்பில் இருப்பவரைக் கூவி அழையுங்கள். எல்லாப் பம்புகளையும் ஒரே அழுத்தத்தில் நிறுத்தும் அவசர விசை நிலையத்தில் இருக்கும். பிறகு 999.

இதுவரை சொன்னவை எல்லா மலேசியருக்கும் பொது. தோட்டத்து மக்களுக்கு என்று தனியாக உள்ள கவலை கேன்.

புல்வெட்டும் இயந்திரம், மருந்தடிக்கும் இயந்திரம், மரம் அறுக்கும் இரம்பம் என்று செம்பனைத் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் பெட்ரோல் குடிக்கும் கருவிகள் நிறைய. அவற்றை நிலையத்துக்கு ஓட்டிப் போக முடியாது. பெட்ரோல் 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். வாகனத் தொட்டியைத் தவிர வேறு கலனில் ஊற்ற வேண்டுமானால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அனுமதி தேவை. நிலையத்து ஊழியர் கேனைப் பார்த்ததும் முகம் சுளிப்பது இதனால்தான். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, மாட்டினால் நிலையத்துக்கும் தண்டனை. அமைச்சின் மாநில அலுவலகம் சிரம்பானில் இருக்கிறது. ஜெமாஸிலிருந்தோ ஜெலேபுவிலிருந்தோ ஒரு புல்வெட்டுக்காரர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, ஒரு கடிதத்துக்காக அங்கே போய் வருவாரா? பெரும்பாலோர் போக மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் நிரப்பி, வீட்டுக்கு வந்து குழாய் வைத்து உறிஞ்சி, தண்ணீர்ப் போத்தலில் பிடித்துக்கொள்வார்கள்.

பூடி95க்குப் பிறகு இந்த ஆசை கூடத்தான் செய்யும். சலுகை விலைக்கு நடப்பிலுள்ள ஓட்டுநர் உரிமம் வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே மோட்டார் ஓட்டி, உரிமம் எடுக்காமலே வயதாகிவிட்டவர்கள் நம்மிடையே கொஞ்சநஞ்சமல்ல. திட்டம் தொடங்கியபோது அவர்களுக்கு லிட்டருக்கு 60 சென்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் அட்டையில் நிரப்பி, வாயால் உறிஞ்சி மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. வாயில் போன பெட்ரோல் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்யும் கேடு பெரிது. ஒரு மிடறு புரையேறினாலே மருத்துவமனைதான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது.

போத்தலில் பிடித்த பெட்ரோல் எங்கே வைக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. லயத்து வீடுகளில் தனிக் கொட்டகை அபூர்வம். சமையலறைக் கதவோரம், எரிவாயு அடுப்புக்கு நாலடி தள்ளி, சில வீடுகளில் சாமி விளக்குக்குக் கீழே என்று இருக்கிற இடத்தில் வைக்கிறார்கள். மினரல் தண்ணீர்ப் போத்தலில் உள்ள மஞ்சள் நீரைக் குழந்தை பானம் என்று நினைக்கும். மெல்லிய போத்தலை வெயிலில் விட்டால் உப்பி, மூடி இடுக்கில் ஆவி கசியும். குப்பை எரிக்க ஒரு மூடி பெட்ரோல் தெளிப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். குச்சியைக் கிழிப்பதற்குள் ஆவி கால் வரைக்கும் வந்து நிற்கும்.

அனுமதியோடு வாங்குவோருக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 1998இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிக்கப் வண்டியின் பின்தட்டில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தே கேனில் ஊற்றியபோது, மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாமல் தீப்பிடித்த சம்பவங்களைப் பற்றியது அது. தோட்டத்து ஹைலக்ஸ்களில் நாம் செய்வதும் அதேதான். கேனை இறக்கித் தரையில் வையுங்கள். குழாய் முனை கேன் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். பெட்ரோலுக்கென்றே செய்த கெட்டியான கேனாக இருக்க வேண்டும், சமையல் எண்ணெய் வந்த கலன் ஆகாது.

இதில் தனிமனிதரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பெட்ரோலைச் சலுகை விலைக்குத் தர அடையாள அட்டை வழி ஒரு பெரிய ஏற்பாட்டைச் செய்ய முடிந்த அரசாங்கத்துக்கு, மாதம் ஒருமுறை பகாவிலோ லிங்கியிலோ ஒரு நடமாடும் முகப்பை வைத்து, கேன் அனுமதியை அங்கேயே கொடுப்பது பெரிய காரியமாக இருக்காது. உரிமம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பத்தினர் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க உதவும் மைலெசன் பி2 திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு நடத்தி வந்திருக்கிறது. அந்த அமைச்சின் பொறுப்பில் இருக்கும் அந்தோணி லோக் சிரம்பானின் நாடாளுமன்ற உறுப்பினர். தோட்டத்துக் கோயில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அவருடைய சேவை மையத்தில் கொடுத்து, அடுத்த சுற்று எப்போது என்று கேட்கலாம்.

நிலையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1949 முதல் இன்றுவரை ஓட்டுநர் தானே எண்ணெய் ஊற்றக் கூடாது. ஊழியர்தான் ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டிலும் பங்க் ஊழியர்தான் ஊற்றுகிறார். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு நம் கைக்கு வந்து நெடுங்காலமாகிறது. ரோன்95 குழாய் மஞ்சள், டீசல் கறுப்பு என்பதைத் தூக்குமுன் ஒருமுறை பார்ப்பது நம் வேலை. அடையாள அட்டையைப் பம்ப் இயந்திரத்திலேயே மறந்துவிட்டுப் போகாமல் இருப்பதும் நம் வேலைதான். சனிக்கிழமை மாலையில் போர்ட்டிக்சன் சாலை நிலையங்களில் வரிசை சாலை வரை நீளும்போது, ஊற்றி முடித்த காரைப் பம்பிலேயே விட்டுவிட்டு நொறுக்குத் தீனி வாங்கப் போகிறவரைப் பார்த்துப் பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். வண்டியை முன்னால் எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, பிறகு கடைக்குள் போகலாம்.